மூன்று நாள் தட்டு

விளிம்பு நெளிந்த ஒரு சில்வர் தட்டு என்னிடம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் பிறந்த வீட்டுப் பின்வாசல் மாடத்தில், மற்றப் பாத்திரங்களோடு ஒட்டாமல் கிடந்த தட்டு. அம்மா வீட்டுக்குத் தூரமாகும் மூன்று நாளும் அதில்தான் சாப்பிடுவாள். பின்கட்டில் பாயை விரித்து, வாரப் பத்திரிகைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, மகாராணி மாதிரி உட்கார்ந்திருப்பாள். அடுப்பு என் தலையில் விழும். சோறு குழைந்துவிட்டால், "ஏட்டி, சோறு வச்சியா, கஞ்சி வச்சியா?" என்று அங்கிருந்தே சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாதம் தவறாத இந்தக் கூத்து, அவளுக்கு ஐம்பத்தொரு வயது ஆகும்வரை நடந்தது. எரிச்சலோடு பார்த்த எதுவும் எனக்கு மறப்பதில்லை.

அண்ணனுக்குக் கல்யாணமாகி மம்சாபுரத்திலிருந்து மதினி வந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. வந்த நாளிலிருந்தே அவளைக் கண்டால் எனக்கு ஆகாது. அவள் கைக்குச் சோறு குழையாது, குழம்பு அடிப்பிடிக்காது. மூன்று நாள் அடுப்பு என்னைவிட்டு அவளிடம் போனது. அதற்காவது நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த மூன்று நாளும் அம்மாவும் அவளும் பின்கட்டில் குசுகுசுவென்று பேசிச் சிரிப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். பெற்ற மகள் நான் இங்கே இருக்க, நேற்று வந்தவளோடு அப்படி என்ன ரகசியம் என்று வயிறு எரியும். அடுத்தடுத்து இரண்டு பிள்ளை வேறு பெற்றுவிட்டாள். "என்ன மதினி, ரயிலுக்கா போறீங்க, இம்புட்டு அவசரம்?" என்று குத்தலாகக் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு நாப்பதுக்குள்ள நின்னுரும். எங்கம்மா மொதல்லயே சொல்லிட்டா, தள்ளிப்போடாதன்னு. ஒனக்கும் அதான் சொல்லுதேன்" என்றாள்.

எனக்கா சொல்கிறாய் என்று உள்ளுக்குள் கொதித்தது. "ஒங்க வீடு வேற, எங்க வீடு வேற" என்று மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். என் அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியும் தட்டு வெளியே வந்ததே, அந்தத் தெம்பு எனக்கு. இராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டேன். பேண்டேஜ் துணி கம்பெனி ஆபீசில் வேலை. வீடு கட்டி முடியட்டும், முப்பத்தைந்தில் ஒன்று, முப்பத்தெட்டில் ஒன்று என்று நானும் வீட்டுக்காரரும் திட்டம் போட்டிருந்தோம். மதினி அதற்குப் பிறகும் மூன்று நான்கு தடவை சொன்னாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே நான் காதில் வாங்கவில்லை. அந்த வீம்பு இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு என் வீட்டிலும் ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருக்குமோ என்னவோ.

அம்மா இறந்து இரண்டு வருடம் கழித்து, முப்பத்தைந்தாவது வயதில், டாக்டரம்மாவிடம் போனேன். மதினிதான் துணைக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனையில் கருமுட்டை இருப்பு என் வயதுக்கு ரொம்பக் குறைவு என்று வந்திருந்தது. "உங்க அம்மாவுக்கு எந்த வயசுல நின்னுச்சு?" என்று டாக்டர் கேட்டார். "அம்பத்தொன்னு" என்று நான் பட்டென்று சொன்னேன். பக்கத்திலிருந்து மதினியின் குரல் வந்தது: "இல்ல டாக்டர். முப்பத்தொம்பது."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவின் வயது ஒரு குறிப்புதான், அதையே விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இனி ஒரு மாதம்கூடத் தள்ள வேண்டாம் என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. என் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாததை இவள் சொல்வதா என்பதே மண்டைக்குள் ஓடியது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மதினியைப் பிடித்துக்கொண்டேன். "எங்கம்மா ஒங்ககிட்ட மட்டும் சொன்னாளோ?"

"அவியளா சொல்லல. மாசாமாசம் தூரம்னு உக்காருதாவ, கொடில ஒரு துணி காயல. நான் நேரா கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னாவ, யார்ட்டயும் சொல்லிராதன்னு. நின்னுருச்சுன்னு சொன்னா மறுநாளே அடுப்படிதான? அந்த மூணு நாளத் தவுத்து அவியளுக்கு லீவுன்னு என்ன இருந்துச்சு? நான் வாக்குக் குடுத்துட்டேன். அதான் எங்க வீட்டச் சொல்லிச் சொல்லி ஒன்னய எச்சரிச்சேன்." பஸ் வந்தது. ஏறுவதற்கு முன்னால் கேட்டாள், "நீ என்னைக்காவது கேட்டியாட்டி?"

கேட்கவில்லை. அந்த வீட்டில் அத்தனை வருடம் குழைந்த சோற்றையும் அம்மாவின் சிரிப்பையும் பார்த்த நான், கொடியைப் பார்க்கவில்லை. மதினியின் பிள்ளைகள்மேல் இருந்த பொறாமையைவிட, அவளுக்குக் கேட்கத் தோன்றியதே, அதன்மேல் வந்த பொறாமை பெரிது. அடுத்த தடவை போனபோது, மாடத்தில் கிடந்த தட்டை யாரையும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். அதையும் அவளுக்கு விட்டுவைக்க எனக்கு மனசில்லை.

என் மாமியார் இன்னும் விலக்குப் பார்ப்பவர். அந்தத் தட்டோடு நான் உட்காரும்போதெல்லாம் அவர் முகம் வாடும். ஆனாலும், "அடுத்த மாசம் பாப்போம்" என்பார். மருந்தும் மாத்திரையுமாக இரண்டு வருடம் அப்படிப் போனது. பிறகு தூரமாவது நின்றது. முதலில் குழந்தையோ என்று ஆசைப்பட்டேன். அதுவும் இல்லை. டாக்டர் மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு, இனி உங்கள் முட்டையை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்று தணிவாகச் சொன்னார். வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. தேதி வந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். தட்டு வெளியே வருகிறவரைக்கும் மாமியாருக்கு ஓர் அடுத்த மாதம் உண்டு. அம்மா ஓய்வுக்காகச் செய்ததை நான் இதற்காகச் செய்தேன்.

போன வாரம் அப்படி உட்கார்ந்திருந்தபோது மதினி வந்தாள். குளியலறைக்குப் போய்விட்டு வந்தவள் முகம் மாறியிருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் அவள் வாங்கிக் கொடுத்த நாப்கின் பாக்கெட் அங்கே அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. மாமியாரிடம், "அவ உக்காரட்டும், நான் சமைச்சுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள். சோற்றைக் கொண்டுவந்து நெளிந்த தட்டில் போடும்போது குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "எப்பருந்துட்டி?" என்றாள்.

"நாலு மாசம்" என்றேன். அதுவரை யாரிடமும் சொல்லாதது. அவள் என் தலையில் கையை வைத்தாள். பிறகு குழம்பெடுக்கப் போனாள். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். சோறு ஒரு பருக்கைகூடக் குழையவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.