நான்கு கதவுகளுக்கும் ஒரே நோட்டீஸ்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மலாயா சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம், மலாக்கா காஜா பெராங்கில் ஒரு ரப்பர் ஆலையில் எடுபிடியாக இருந்தேன். நான்கு கொட்டகைகள், ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை. அன்று எந்த மிஷின் ஓடும் என்று தினமும் காலையில் சாக்கட்டியால் எழுதுவேன். பழையதைப் படித்த பிறகே அழிப்பேன். மெக்கானிக் ஏதாவது எழுதியிருந்தால் அதைத் தொடமாட்டேன்.

பிறகு ஆபீசுக்கு நகலெடுக்கும் மிஷின் வந்தது. கைப்பிடியைச் சுற்றினால் ஒரே மாதிரித் தாள்கள் வந்து விழும்.

"இனிமே நாலு கதவுலயும் ஒரே நோட்டீஸ்தான். பழசு மேலேயே ஒட்டிட்டுப் போய்க்கிட்டே இரு லா," என்றார் ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி.

வேலை சீக்கிரம் முடிந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது.

மூன்றாவது கொட்டகையில் ரப்பர்த் தகடு உருட்டும் பெண் ஒருத்திதான் மற்றவர்களுக்கு நோட்டீசைப் படித்துக் காட்டுவாள். "அண்ணே, உங்க எழுத்துக்கு இது எவ்வளவோ தேவல. இப்பதான் கண்ணு வலிக்கல!" என்று கேலி செய்வாள். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன்.

ஒரு நாள் காலை நல்ல மழை. மூன்றாவது பலகையில், முந்தின நாள் நோட்டீசின் மேல் ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. நின்று படிக்கவில்லை. பசையைத் தடவி அதன் மேலேயே புதியதை ஒட்டினேன். 'எல்லா மிஷினும் ஓடும்' என்றிருந்தது அதில். அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு உள்ளே போனாள்.

அலறல் கேட்டு ஓடினேன். உருளைகளுக்கு நடுவே அவள் வலது கை. பக்கத்திலிருந்தவள் நிறுத்தும் பிடியை இழுத்துக்கொண்டே இருந்தாள், மிஷின் நிற்கவில்லை. பெல்ட்டைக் கழற்றி நிறுத்துவதற்குள் நான்கு விரல்கள் நசுங்கிப் போயின.

வெளியே வந்து ஈர நோட்டீசை உரித்தேன். அடியில் மெக்கானிக் பென்சிலால் எழுதியிருந்தார்: 'நிறுத்துற பிடி வேலை செய்யல. ஓட்டாதீங்க.'

கிராணியிடம் காட்டினேன். "நான் சொன்னபடிதானே செஞ்ச? விடு," என்றார்.

விட முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடமே சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சில மாதங்கள் கழித்து, ரப்பர் பால் வடிகட்டும் வேலைக்குத் திரும்பி வந்தாள். நான் பலகையில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"அடியில ஒண்ணும் இல்லியே, அண்ணே?" என்று கேட்டாள். சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் பழையதை அடிவரை உரித்துப் படித்த பிறகே ஒட்டுகிறேன். நான் படித்த நான்காம் வகுப்பு, அந்த ஒரு துண்டுத் தாளைப் படிக்கப் போதுமானதாக இருந்தது என்பதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

எழுதி முடித்தது: 11 ஜனவரி 1959, ஞாயிற்றுக்கிழமை.