அடுப்பில் எரிந்த உரச் சாக்கு

என் கணவர் தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுபவர். அந்த அடுப்பின் இரும்புக் குழாய்கள் மேல் அலுமினியத்தை உருக்கித் தெளித்துக் கவசம் பூசியிருந்தார்கள். வருஷக்கணக்கில் தாங்கும் என்றார்கள். சில மாதங்களிலேயே அது உரிந்து, குழாய் ஓட்டையாகி, தேயிலையில் புகை நாறியது.

“நீ தீயைக் கூட்டிட்ட” என்று சொல்லித் தோட்டத்தை நடத்தும் துரை இவரை வேலையை விட்டு நிறுத்தினார். நாங்கள் குடியிருந்த தோட்டத்து லயத்தையும் காலி செய்யச் சொன்னார்.

கவசம் பூசிய கொழும்பு இன்ஜினியர் வந்தபோது நானும் தொழிற்சாலை வாசலில் நின்றேன். குழாயைச் சுரண்டிப் பார்த்தவர், “இதுல என்ன எரிச்சீங்க?” என்று கேட்டார்.

“வெறகு மிச்சமாகும்னு தொரைதான் போடச் சொன்னாருங்க. பொட்டாஷ் உரச் சாக்கெல்லாம் போட்டேன்” என்றார் இவர்.

“சாக்குல ஒட்டியிருக்கிற உரத்துல குளோரின் இருக்கு. சூட்டுல அது கவசத்தைத் தின்னுடும். இவர் மேல தப்பில்ல” என்று இன்ஜினியர் துரையின் முகத்துக்கு நேரே சொன்னார்.

“நாளைக்கு வேலைக்கு வா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துரை காரில் ஏறினார். இவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“அந்த ஆளை எதுக்குங்க கும்பிட்டீங்க?” என்று வழியெல்லாம் சண்டை போட்டேன்.

“லயத்தை விட்டா புள்ளைங்க எங்க படுக்கும், சொல்லு” என்றார்.

சண்டையை அதோடு விட்டேன். அந்த இன்ஜினியரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். அந்தக் கும்பிடு ஞாபகம் வந்தால் மட்டும் இன்னமும் வயிறு எரிகிறது.