தரை அக்கா

பாயில் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, எதிரே நிற்கும் சிறுமியின் குதிகாலுக்கு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் அந்த பிசியோதெரபிஸ்ட். ஐம்பதை நெருங்கும் வயது. அறையில் நாற்காலிகள் உண்டு, அவை பெற்றோருக்கு. பிள்ளைகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் தரை அக்கா.

"வெளிச்சம் தெரியுது மகாராணி, குதிகாலைக் கீழ வை. ஏய் இடது காலு, உன்னத்தான்! வலது ஒழுங்கா நிக்குதில்ல, உனக்கு மட்டும் என்ன கொழுப்பு?"

கால்களைத்தான் திட்டுவார், பிள்ளைகளைத் திட்டியதே இல்லை. மூளை முடக்குவாதத்தில் தசைகள் விறைத்துக்கொள்ளும், கால் பேச்சைக் கேட்காது, அதற்குப் பிள்ளை என்ன செய்யும் என்பது அவர் கட்சி. வெடுக்கென்று இழுத்தால் கால் இன்னும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே கோபித்துக்கொண்ட சம்பந்தியைச் சமாதானம் செய்வதுபோல மெல்ல நீட்டி, தசை இளகும்வரை பிடித்த பிடியை விடமாட்டார்.

அங்கே கைதட்டக் கூடாது. பிள்ளை எழுந்து நின்றதும் பெற்றவர்கள் பூரித்துப்போய்த் தட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் பிள்ளை திடுக்கிட்டு, உடம்பு விறைத்து, நின்ற வேகத்தில் சாய்ந்துவிடும். அப்படித் தட்டிய ஒரு தாய்மாமனை வெளியே அனுப்பிவிட்டார். "பாசத்தையெல்லாம் வீட்டுல வச்சிட்டு வாங்க மாமா. இங்க அவ வேலை பாக்குறா."

மகாராணிக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் இடம் தருகிறார்களாம், ஆனால் கழிப்பறைக்குத் தானாகப் போய்வர வேண்டுமாம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம். இதெல்லாம் ஒரு நிபந்தனையா என்று அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தாலும், பல மாதமாக அதற்குத்தான் பயிற்சி. நாளை பள்ளியில் பார்க்கப்போகிறார்கள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

"விழுந்துட்டா என்ன மேடம் பண்றது?"

"விழுவா. எந்திரிக்கவும் சொல்லிக் குடுத்திருக்கேன். நீங்க ஏன் சார் நடுங்குறீங்க? போகப்போறது நீங்களா?"

இன்று ஒத்திகை. சிறுமி வாக்கரை உந்திக்கொண்டு கிளம்புகிறாள். முழங்கால்கள் ஒன்றையொன்று உரசுகின்றன. நின்று, மூச்சு வாங்கி, இடது காலைப் பிரித்தெடுத்து முன்னே வைக்கிறாள். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார். கழிப்பறைக்குள்ளும் வழக்கம்போல நுழையப் போனவரை மகள் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வராதீங்கப்பா. எனக்கு வெக்கமா இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. வெக்கம் என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு அக்காவுக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அடுத்த நிமிடமே உள்ளே வாக்கர் சுவரில் மோதியது. தொப்பென்று ஒரு சத்தம்.

"பாப்பா!" அப்பா கைப்பிடியை எட்டுவதற்குள் அக்கா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டார்.

"அடி பட்டுச்சா மகாராணி?"

"இல்ல. யாரும் வராதீங்க."

உள்ளே முனகல், உரசல், வாக்கரைத் தரையில் இழுக்கும் ஓசை. பிறகு குழாயில் தண்ணீர் விழுந்தது. அக்கா கதவு திறக்க இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.