பேன் பார்த்த புதன்கிழமை

முடி வெட்டும் மெஷினை ஓடவிட்டதும் அவர் அதை முதலில் தன் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பார். சூடு ஏறவில்லை என்று தெரிந்த பிறகுதான் பையனின் பிடரிக்குக் கொண்டுபோவார். "சூடு பட்டா தம்பி திடுக்குன்னு எந்திரிப்பான். இங்க ஒருத்தன் திடுக்குன்னு எந்திரிச்சா போதும், விசில் ஊதிருவாங்க" என்பார். சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒருமுறை பார்ப்பார். அங்கே விசிலோடு ஒருவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார்.

கோர்ட் அனுப்பிவைத்த பையன்களைப் பூட்டிவைத்திருக்கும் சீர்திருத்த இல்லம் அது. பதினாலு வயதிலிருந்து பதினெட்டு வரை, முப்பத்தெட்டுப் பேர். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், புதன்கிழமை காலையில் அவர் அங்கே முடி வெட்ட வருவார். நூலகத்திலிருந்து ஒரு பெட்டி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நானும் அதே நாளில் போவேன். இருவருக்கும் ஒரே தாழ்வாரம். என் மேஜைக்கு நாலு பேர் வந்தால் பெரிய கூட்டம். அதிலும் இரண்டு பேர் படம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அவருக்கோ தாழ்வாரக் கோடிவரை வரிசை நிற்கும். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். நாலு எழுத்துப் படித்தவன் என்கிற மிதப்பு அங்கே செல்லுபடியாகவில்லை.

ஆள் குள்ளம். வயது ஐம்பத்தைந்து. ஊருக்குள் ஒரு சைக்கிள் கடைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் வைத்திருக்கிறார். அந்தச் சலூன் சாமான்களில் பாதிக்கு மேல் இந்த இல்லத்துக்குள் வரக்கூடாது. கத்திரி கூடாது, சவரக்கத்தி கூடாது, கழுத்தைச் சுற்றிப் போர்த்தும் துணிக்கு நாடா கூடாது. கேட்டில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி ஒப்பிப்பார்: "மெஷின் ஒண்ணு, சீப்பு ரெண்டு, பிரஷ் ஒண்ணு, துணி ஒண்ணு, நான் ஒருத்தன்." கடைசியில் சொல்வதற்குக் கேட்டுக்காரர் சிரித்து நான் பார்த்ததில்லை. இவரும் சொல்லாமல் விட்டதில்லை.

கண்ணாடியும் கூடாது. உடைத்தால் அது ஆயுதம். அதனால் அங்கே முடி வெட்டிக்கொள்கிற எவனும் தன் முகத்தைப் பார்க்க முடியாது. வேலை முடிந்ததும் பையன் இவர் பக்கம் திரும்பி, "எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்பான். இவர் இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, நிஜமாகவே யோசித்துவிட்டுச் சொல்வார். "காது ரெண்டும் இப்பத்தான் வெளிய வந்திருக்கு. நல்ல பெரிய காது. இதை வச்சுக்கிட்டு யாரு பேச்சையும் கேக்காம இருந்திருக்கியேடா!" இன்னொருவனிடம், "பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ளை மாதிரி இருக்கே. எங்கேர்ந்து வர்றீங்கன்னு மட்டும் அவங்க கேக்காம இருக்கணும்." எல்லோருக்கும் போடுவது ஒரே இரண்டாம் நம்பர் வெட்டுதான். ஆனால் ஒருவனுக்குச் சொன்னதை இன்னொருவனுக்குச் சொல்லமாட்டார்.

பதினோரு மணி வாக்கில் உயரத்து ஜன்னலிலிருந்து வெயில் சாய்வாக இறங்கும். வெட்டின முடியின் பொடி அதில் மிதக்கும். தரைக்கு வர மனமில்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். மெஷினின் ரீங்காரத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. தரையோடு போல்ட்டு போட்டு இறுக்கிய அந்த இரும்பு முக்காலியில் பையன்கள் ஒவ்வொருவராகத் தூங்கிப்போவார்கள், வாயைத் திறந்துகொண்டு, இவர் வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு. வெட்டி முடித்த பிறகும் இவர் மெஷினை அணைக்காமல், தலைக்கு மேலே ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துச் சும்மா ஓட்டிக்கொண்டிருப்பார். நானும் புத்தகத்தைத் திறந்துவைத்தபடி ஒரே வரியில் அரைமணி நேரம் கிடப்பேன். வெளியே ஓர் ஊர் இருக்கிறது, பஸ் ஓடுகிறது என்பதெல்லாம் மறந்துபோகும்.

"ராத்திரியில எவனும் முழுசாத் தூங்கறதில்ல சார்" என்று அவர்தான் ஒருநாள் சொன்னார். "பெரிய ஹாலு. எவன் எப்ப வந்து போர்வையால மூடி மொத்துவான்னு தெரியாது. இங்க பின்னாடி நிக்கறது யாருன்னு தெரியுதில்ல, அதான் கண்ணு சொக்குது." அதைக் கேட்ட பிறகு அந்தத் தூக்கத்தை என்னால் பழையபடி ரசிக்க முடியவில்லை.

பையன்களின் பெயரெல்லாம் அவருக்கு மனதில் நிற்காது. தலைதான் அடையாளம். ரெட்டைச்சுழி, பலாக்கொட்டை, முள்ளுக்காடு, பூனைமுடி என்று அவராகக் கூப்பிடுவார், அவர்களும் வருவார்கள். கடையில் ஒருமுறை நான் உட்கார்ந்திருந்தபோது அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து என்னிடம் புகார் செய்தார். "ஊரான் தலையெல்லாம் மனப்பாடம் இவருக்கு. கட்டினவ கொண்டையை மாத்திப் போட்டு நாலு நாளாச்சு, கண்ணுல பட்டுதான்னு கேளுங்க!" இவர் தூக்கைத் திறந்து பார்த்தபடி, "அந்தத் தலையைப் பத்திப் பேசினா என் தலை தப்பாது சார்" என்றார்.

விரல்தான் அவருக்குக் கண். வலது கை வெட்டிக்கொண்டிருக்கும்போது இடது கை தலையை அளைந்துகொண்டே இருக்கும். வீக்கம், வெட்டு, காய்ந்த ரத்தம் எல்லாம் அந்த விரல்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில்தான் இரண்டுமுறை சறுக்கியிருக்கிறார். முதல்முறை, ஒருவன் உச்சந்தலையில் புடைப்பைக் கண்டதும் நேரே அதிகாரியிடம் போய்ச் சொன்னார். அதிகாரி நல்லவர்தான். பையனை எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு நிறுத்தி, "யாரு அடிச்சது, பயப்படாம சொல்லு" என்று கேட்டார். அவன் வாயே திறக்கவில்லை. இருந்தும் போட்டுக்கொடுத்தவன் என்று பேராகிவிட்டது. ஒரே வாரத்தில், குளியலறையில் வைத்து அவனுடைய முன்பற்களை உடைத்தார்கள்.

அடுத்தமுறை வேறொருவன், "வெளிய தெரிய வேணாம்ணே, காதுகிட்ட மட்டும் முடியை விட்டுடுங்க" என்று கெஞ்சினான். பழைய கதை நினைவுக்கு வர, இவரும் இரக்கப்பட்டு அந்த இடத்தை நைசாக மூடி வெட்டிவிட்டார். உள்ளே காயம் சீழ் பிடித்துக்கொண்டே போனது. யார் கண்ணிலும் படவில்லை. படாதபடி வெட்டியவர் இவர்தானே. அந்தப் பையனுக்கு ஒரு காது கேட்காமலே போய்விட்டது. "அழகா மூடினேன் சார். நம்ம வேலை எவ்வளவு சுத்தம்னு நானே மெச்சிக்கிட்டேன்" என்று சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இனி சொல்லப்போவது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. அன்றிருந்த பையன்களில் ஒருவரும் இன்று அங்கே இல்லை. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

அன்று மூன்றாவதாக வந்து உட்கார்ந்தவன்தான் பூனைமுடி. இல்லத்துக்கு வந்து இருபது நாள் ஆகியிருந்தது. தொட்டால் நழுவுகிற மெல்லிய முடி. இவருடைய இடது கை அவன் காதுக்குப் பின்னால் போனதுமே பையனின் தோள்கள் இரண்டும் மேலே ஏறிக்கொண்டன. "அண்ணே, அங்க மட்டும் விட்டுடுங்கண்ணே" என்றான். மூன்றடி தள்ளியிருந்த எனக்கே அது பாதிதான் கேட்டது.

வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. வரிசையில் நிற்காமல் சுவரில் சாய்ந்து நின்ற ஒருவனும் பார்த்துக்கொண்டிருந்தான். பதினெட்டு ஆகப்போகிறவன். கேப்டன் என்று கூப்பிடுவார்கள். ஹாலில் யார் எங்கே படுப்பது என்று முடிவு செய்கிறவன் அவன்தான். அவன் பார்வை போகிற திசையைப் பார்த்தே பையன்கள் தங்கள் சிரிப்பை நிறுத்திக்கொள்வார்கள்.

மெஷின் நின்றது. ரீங்காரம் போனதும் தாழ்வாரமே கனவிலிருந்து விழித்ததுபோல் இருந்தது. சொன்னால் பல் போகும், மறைத்தால் காது போகும் என்று அவர் அந்த ஒரு நிமிஷத்தில் என்னென்ன நினைத்தாரோ தெரியாது. சீப்பை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"அடக் கடவுளே, பேனு!"

வரிசை சிதறியது. "மூணு தலையை ஒரே சீப்புல சீவியாச்சு. எவன் தலையிலேர்ந்து வந்ததுன்னு யாரு கண்டா?" என்று கூப்பாடு போட்டார். சீப்பை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாருங்க சார், எப்படி ஊருதுன்னு!" என்றார். பார்த்தேன். வெள்ளைச் சீப்பு. நாலைந்து முடி. வேறொன்றும் இல்லை. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் அவருடைய செருப்புக் கால் என் பாதத்தின்மேல் ஏறி நன்றாக அழுத்தியது. "ஆமாம், ஊருது" என்றேன். வெட்கக்கேடு, எனக்குத் தலைகூட அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அடிபட்ட தலை கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று அந்த இல்லத்தின் விதிகளில் தெளிவாக எதுவும் இல்லை. பேனுக்கு இருந்தது. பேன் கண்டால் அத்தனை பேருக்கும் ஒட்ட வெட்டவேண்டும். நர்ஸ் வந்து ஒவ்வொரு தலையாகப் பார்த்து, கண்டதை ரிஜிஸ்டரில் எழுதியே ஆகவேண்டும். பதினைந்து வருடமாகப் போய்வருகிறவருக்கு இது அத்துபடி. ஒரு பேனுக்குக் கிடைத்த கவனம் ஒரு பையனுக்குக் கிடைக்கவில்லையே என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமாக வருகிறது.

அதிகாரி தூரத்திலிருந்தே தலையை ஆட்டி, "எல்லாருக்கும் ஜீரோ போட்டுருங்க" என்றார். இவர் பூனைமுடியை எழுப்பி, "நீ போய்க் கடைசில நில்லு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று விரட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி, "கேப்டன் சார், வாங்க. பெரியவங்க முதல்ல" என்றார்.

"எனக்கு ஜீரோவா? கையை ஒடிச்சுருவேன்."

"ஒடிச்சுக்கோ. இன்னொரு கையால வெட்டறேன். கோணல்மாணலா வந்தா என்னைச் சொல்லக்கூடாது, ஆமா."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். கேப்டன் திரும்பிப் பார்த்தான். விசில்காரரும் அவனைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் வந்து உட்கார்ந்தான்.

மாதக்கணக்கில் முக்காலிப் பக்கமே வராதவனின் முடி கற்றை கற்றையாக விழுந்தது. பின்மண்டையில் ஒரு விரல் நீளத்துக்கு வெள்ளைத் தழும்பு வெளியே வந்தது. இவர் விரல் அதன்மேல் நின்றது. மெஷினை ஓடவிட்டபடியே குனிந்து, "இது யாரு வேலை?" என்று கேட்டார்.

கேப்டன் குனிந்த தலையோடே சொன்னான்: "இங்கதான். நான் வந்த புதுசுல."

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"யாரு கேட்டா?"

இவர் தழும்பின் மேலிருந்த பொடியை பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டிவிட்டார். எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு முப்பத்தேழு தலைகள். சாப்பாட்டு மணி அடித்தபோதும் இவர் நிறுத்தவில்லை. வெயில் ஒரு ஜன்னலை விட்டு அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தது. தரையில் முடி மெத்தையாகக் கிடந்தது. பையன்கள் தங்கள் தலையைத் தாங்களே தடவிப் பார்த்துக்கொண்டு மெதுவாக நடமாடினார்கள். எல்லோருக்கும் திடீரென்று வயது குறைந்துபோயிருந்தது. அந்த வெளிச்சத்தில் யார் திருடினவன், யார் கத்தி எடுத்தவன் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாம் பிள்ளைத் தலைகள். அவற்றில் ஏழு தலைகளில் புதுக்காயம் இருந்தது. இரண்டுமுறை எண்ணிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, புத்தகப் பெட்டியைக் குடைவதுபோல் குனிந்துகொண்டேன். பூனைமுடியின் காயம்தான் பெரிது. ஓரமெல்லாம் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது.

நர்ஸ் கறாரான அம்மாள். கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு தலை விடாமல் பார்த்தார். பார்த்துவிட்டு நேரே இவரிடம் வந்தார். "எங்கங்க பேனு? ஒரு ஈரு கூட இல்லையே."

"மெஷினோடயே போயிடுச்சும்மா."

அந்த அம்மாள் அவரைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு ரிஜிஸ்டரை விரித்து, பேன் பரிசோதனை என்ற தலைப்பின் கீழ், ஏழு காயங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடமும் நீளமும் போட்டு எழுதினார். அதிகாரியைக் கூப்பிட்டு, "இந்தப் பையன் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மத்த ஆறு பேரையும் இன்னிக்கு அந்த ஹால்ல படுக்க விடாதீங்க. எழுதிட்டேன், கையெழுத்துப் போடுங்க" என்றார். அதிகாரி ரிஜிஸ்டரைப் பார்த்தார், தலைகளைப் பார்த்தார், போட்டார்.

வேனுக்குப் போகிறவர்கள் முக்காலியைத் தாண்டித்தான் போகவேண்டும். காவலரோடு பூனைமுடி வந்தான். கேப்டன் மறுபடியும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் கண் இவர்கள் இருவர்மேலும்தான் இருந்தது. முக்காலிக்கு நேரே வந்ததும் பையனின் நடை தளர்ந்தது. இவர் முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு "அண்ணே" போதும், பேன் பொய்யாகிவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருகிற அன்று அவன் போட்டுக்கொடுத்தவனாக வருவான்.

"வழியில என்னடா நிக்கறே? கூட்டணும், போ!" என்று எரிந்து விழுந்தார் இவர். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வேன் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை, சுவர் மூலையில் கூட்டின இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார்.