படகில வாய் கோணின கதை

இருங்கோ, இருங்கோ, கதையளை நிப்பாட்டுங்கோ! மூதூர்ப் படகில டிக்கட் வெட்டுறவனுக்கு டிக்கட் ரெண்டாவது வேலை. ஆக்களை இருத்தி வாயை மூடப் பண்ணுறதுதான் முதல் வேலை. அந்த மர வாங்கில இருந்து இடுப்பு நொந்த சனம்தானே நீங்களும்! அலை அடிச்சா வாயால சத்தி, அடிக்காட்டி அலட்டல்.

கப்பலில இருந்து வந்த கதை

மூதூர் றஹீம் நானா சாமான் கப்பலில சமைக்கிற குசினிக்காரன். லீவில வந்தா வாய் ஓயாது. ஒருநாள் சொன்னார், நடுக்கடலில எஞ்சின்காரன் ஒருத்தனுக்குத் தேத்தண்ணி வாயால ஒழுகிச்சாம். வாய் ஒரு பக்கம் இழுத்திட்டுதாம். கப்டன் ஓடிவந்து கோப்பையைப் பறிச்சு, "ஒண்டும் குடுக்காதேங்கோ" எண்டாராம். "சிரி, ரெண்டு கையையும் தூக்கு, பேரைச் சொல்லு" எண்டாராம். ஒரு கை தானா விழுந்திட்டுதாம். உடனே மணியைப் பார்த்து எழுதிப்போட்டு, பாரிசவாதமெண்டு ஹெலிகொப்டர் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்தினவையாம்.

எங்கட பக்கமெண்டா, காத்துப் பட்டிட்டுது எண்டு எண்ணெய் தேய்ச்சு, விடியட்டும் பார்ப்பம் எண்டு படுக்க வைப்பம். அதைச் சொன்னன். நானா என்ர தோளில தட்டினார்: "மருந்து இரிக்கி தம்பி, ஆனா அது நமக்காகக் காத்துக்கிட்டு இரிக்காது."

நான் போட்ட கூத்து

கேட்டுப்போட்டுச் சும்மா இருப்பனா? அடுத்த நாளே கப்டனும் நான், எஞ்சின்காரனும் நான். சிரி, கையைத் தூக்கு, பேரைச் சொல்லு, மணியை எழுது எண்டு கப்டனுக்கு ஒரு இங்கிலீசு உறுமல், மற்றவனுக்கு ஒரு கோணல் வாய். படகு குலுங்கிச் சிரிச்சுது. பிறகென்ன, ஒவ்வொரு பயணமும் அதுதான்.

ஈச்சிலம்பற்று வடிவேல் அண்ணர் கிழமைக்கு ஒருக்கா மனுசி பூமணி அக்காவோட கத்தரிக்காய் மூட்டை கொண்டு ரவுண் சந்தைக்கு வாறவர். அக்கா மூட்டையைப் பிடிச்சபடி பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பா. அண்ணர் அப்பிடியில்ல, என்னையே பழிச்சுக் காட்டுவார்: "உன்ர கோணல் காணாதடா தம்பி, என்னைப் பார்!"

நான் கை தட்டின நாள்

ஒரு வியாழக்கிழமை, நடுக்குடாவில, வடிவேல் அண்ணற்ர வாய் கோணிச்சு. படகே விழுந்து விழுந்து சிரிச்சுது. முதல் கை தட்டினவன் நான்தான். "அண்ணை, இண்டைக்கு என்னை வெண்டிட்டியள்!" எண்டு கத்தினனான். வாயால வீணி வடியுது, நான் இன்னும் தட்டுறன். நினைச்சா இப்பவும் கை கூசுது.

பூமணி அக்கா எழும்பினா. அவவின்ர குரலை அண்டைக்குத்தான் நான் முதல் கேட்டது. "கையைத் தூக்குங்கோ." இடக்கை எழும்பிச்சு, வலக்கை மடியிலயே கிடந்தது. "என்ர பேரைச் சொல்லுங்கோ." சத்தம் வந்தது, பேர் வரேல்ல. ஆரோ சோடா நீட்டினாங்கள், அக்கா தட்டிவிட்டா. ஆரோ எண்ணெய் எண்டாங்கள், ஒரு பார்வையில அடங்கிட்டாங்கள். ஓட்டி எஞ்சினை முறுக்கினார். நான் போன் அடிச்சு ஜெட்டிக்கு அம்புலன்ஸ் கூப்பிட்டன். அக்கா என்ர டிக்கட் புத்தகத்தைத் தட்டினா: "எட்டு மணி பத்து நிமிசம். எழுது."

திரும்பி ஏறினவர்

எப்ப தொடங்கினது எண்டுதான் ஆஸ்பத்திரியில முதல் கேட்டவையாம். நான் மணி எழுதிக் கிழிச்சுக் குடுத்த டிக்கட் துண்டை அக்கா நீட்டினாவாம். ஸ்கான் எடுத்துப் பார்த்து, நேரம் இருக்கு எண்டு ஊசி போட்டவை. ரெண்டு மாசத்தால அண்ணர் பொல்லு ஊண்டிப் படகேறினார். கதை ஒவ்வொரு சொல்லா வந்தது. எனக்குக் காட்டுறதுக்காகவே நிண்டு, "பூ... மணி" எண்டு கூப்பிட்டார். நான் கடலைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக் கண்ணைத் துடைச்சன்.

சனம் கூத்தைப் போடு, கூத்தைப் போடு எண்டுது. ஒரு மனுசன் சாகக் கிடக்கக்குள்ள கை தட்டினவன் எந்த முகத்தோட திரும்ப வாயைக் கோணுறது? எனக்கு ஏலாது, வெக்கமாக் கிடக்கு அக்கா எண்டனான். பூமணி அக்கா மூட்டையை இறக்கி வைச்சிட்டுச் சொன்னா:

"வெக்கம் உன்ர, தம்பி. தப்பின புருசன் என்ர. முன் வாங்கில புது ஆக்கள் இருக்கினம், எழும்பிச் செய்."