சத்தம் பொறுக்காத கவுதாரி நாய்

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என் வீட்டுக்காரர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். மழை பொய்த்துப்போன வருஷங்கள். கிணறுகளில் பாறை தெரிந்தது. ஊர் ஊராகப் போர்க்கிணறு போட வந்த வண்டிகளோடு ஹாலந்து நாட்டு இன்ஜினியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்து தருமபுரியில் குடியிருந்தார்கள். அவர்களுடைய நாய்க்கு ஊசி போட என் வீட்டுக்காரர்தான் போய்வருவார். இரண்டு வருஷம் கழித்து அவர்களை ஆப்பிரிக்காவுக்கு மாற்றிவிட்டார்கள். நாயைக் கூட்டிப்போக வழியில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஜீப்பில் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார்கள்.

வெள்ளை உடம்பு. முதுகிலும் தலையிலும் பலாக்கொட்டை நிறத்தில் பெரிய பெரிய திட்டுகள். காதிலும் வாலிலும் நீளநீளமாகத் தொங்கும் மயிர். எங்கள் ஊரில் அப்படி ஒரு நாயை யாரும் பார்த்ததில்லை. அந்தம்மா இங்கிலீஷில் என்னிடம் நிறையச் சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவர்கள் நாட்டில் கவுதாரி வேட்டைக்கென்றே வளர்க்கிற சாதியாம். ஒரு நாளைக்கு இரண்டு முறையாவது ஓடவிட வேண்டுமாம். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்து உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிவிட்டாள். ஜீப் கிளம்பியதும் நாய் பின்னாலேயே ஓடியது. ரோடு வளைகிற இடம்வரை ஓடி அங்கேயே நின்றது. நான் போய்த்தான் கழுத்துப்பட்டையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

உதட்டில் விரல் வைத்ததற்குக் காரணம் இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் குரல் பெரிது. முரட்டுக் காளைகளையும் அவற்றைவிட முரடான மாட்டுக்காரர்களையும் அதட்டி அதட்டி வந்த குரல் அது. தண்ணி கேட்டால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும். மனசில் ஒன்றும் இருக்காது. ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்தச் சத்தத்துக்குப் பழகிக்கொண்டேன் என்று நான் நினைத்தது நிஜமில்லை. அது நாய் வந்த பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள். நாய் ஒரு வாய் தின்னவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தது. ரோட்டில் எந்த வண்டி போனாலும் வாசல் படலிடம் ஓடி நின்று பார்த்துவிட்டுத் திரும்பும். இவர் சாப்பிட உட்கார்ந்தவர், பொறுக்காமல், "கம்முனு ஒரு எடத்துல கெடடா!" என்று ஒரு அதட்டல் போட்டார். அவ்வளவுதான். நாய் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது. கட்டிலுக்கடியில் நுழைந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம்வரை வெளியே வரவில்லை.

இவர் கட்டிலருகே குந்திக்கொண்டு கூப்பிட்டுப் பார்த்தார். "நான் ஒண்ணும் அடிக்கலையே," என்றார் என்னிடம். "அடிக்கவே இல்லையே. எதுக்கு இப்படி நடுங்குது?"

குனிந்து பார்த்தபோது எனக்கு நாயைவிட என்னைப் பற்றித்தான் என்னவோ போலிருந்தது.

அதற்கு அந்த நாட்டுக்காரர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் "வாடா", "போடா" என்றோம். அதற்கே வந்தது, போனது. மோர் ஊற்றிக் கரைத்த களியைத் தின்னப் பழகிற்று. ஆனால் சும்மா இருக்க மட்டும் பழகவில்லை. நான் அடுப்படியிலும் இவர் வாசலிலும் இருந்தால், ஒரே இடத்தில் இருவரும் சேர்கிறவரை அங்கும் இங்கும் நடக்கும். இவர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் படலருகே. நான் பள்ளிக்கூடம் போய்விட்டால் ஒரு மாதிரி முனகுமாம். பக்கத்து வீட்டம்மா சொல்வாள், "ஒங்க நாயி அழுவுதுங்க டீச்சரம்மா, கேக்கவே சகிக்கல."

ஓடவிட யார் இருக்கிறார்கள்? விடியும்போதே இவரைத் தேடி மாட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள். நான்தான் கூட்டிப்போனேன். வெளிச்சம் வரும்போது கிளம்பி, ஊரைத் தாண்டி, கரட்டுக் குன்றின் ஓரமாக உள்ள மானாவாரிக் காடுகள் வழியாக ஒரு மணி நேரம். அதுவரை நான் அந்த ஊரில் குழாயடி, பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை சர்ச், இவை தவிர எங்கும் தனியாக நடந்ததில்லை. செருப்பில் முள் ஏறும். புடவை ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டும். நாய் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, நூறு அடிக்கு ஒருமுறை நின்று நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்க்கும். பார்த்துவிட்டு மறுபடி ஓடும்.

ஊர் சும்மா இருக்குமா? "டீச்சரம்மா நாயி மேய்க்கப் போறாங்க" என்றார்கள். ஆடு ஓட்டிப்போகிற கன்னடக்காரப் பெண்கள் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள், "புள்ளைக்குப் பதிலா இதுங்களா?" அந்தச் சொல் அன்றைக்கு முழுக்கச் சுட்டது. ஆனாலும் மறுநாள் போனேன். அதற்கும் மறுநாள் போனேன். போகாத நாளில் எனக்குக் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே சன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடந்தேன்.

அறுவடை முடிந்த ஒரு காட்டில்தான் அதன் வேலையை முதன்முதலாகப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த நாயின் வால் திடீரென்று வட்டமாகச் சுழன்றது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. முன்னங்கால் ஒன்றை மடக்கித் தூக்கியபடி, மூக்கு ஒரு புதரைப் பார்த்து, மூச்சு விடுகிறதா என்றே தெரியாமல். வீட்டில் ஒரு நிமிஷம் இருப்புக்கொள்ளாத பிராணி அங்கே கல்லாக நின்றது. நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். புதருக்குள்ளிருந்து இரண்டு கவுதாரிகள் சடசடவென்று எழும்பிப் பறந்தன. நாய் துரத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தது. அடுத்து நான் ஏதோ செய்ய வேண்டும் என்பதுபோல. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தலையைத் தடவிக் கொடுத்தேன்.

இதை நான் மட்டும் பார்க்கவில்லை. கவுதாரி பிடிக்கிற ஒருவர், நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர், வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து இவரிடம் வந்து நச்சரிக்க ஆரம்பித்தார். "ஒரே ஒரு நாளு குடுங்க கம்பவுண்டரே. வேட்ட நாய வூட்ல கட்டி வெச்சுக் களி போடறது பாவம்ங்க." நான் முடியாது என்று சொல்லியிருந்தேன். இவரும் சரி என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சர்ச்சுக்குப் போய்த் திரும்பினேன். வாசலில் நாய் இல்லை. மத்தியானம் தாண்டி இவர் வந்தார். கையில் கால் கட்டிய இரண்டு செத்த கவுதாரிகள். நாய் இல்லை.

"எங்க?" என்றேன்.

"வரும். வெடி சத்தத்துக்குப் பயந்துக்கிச்சு. காட்ட விட்டு எங்க போயிடும்?"

நான் அந்தப் பறவைகளை வாங்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றார். பிறகு கொல்லைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.

அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் நான் கரட்டோரமெல்லாம் நடந்தேன். கத்திக் கூப்பிட எனக்குப் பயமாக இருந்தது. சத்தம் கேட்டால் இன்னும் தூரமாகப் போய்விடுமோ என்று. கையைத் தட்டிக்கொண்டே நடந்தேன். இவர் லீவு போட்டுவிட்டு ஒகேனக்கல் போகிற ரோட்டில், காட்டுப் பக்கம் தேடினார். செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்து வாசலில் தருமபுரிக்குத் திரும்புகிற பஸ் நின்றது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "டீச்சரம்மா, இண்டூர்ல ஒரு புளி மண்டி முன்னால வெள்ளையா ஒண்ணு படுத்துக் கெடக்குது, ஒங்களுதான்னு போய்ப் பாருங்க," என்றார். தலைமையாசிரியரிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் அதே பஸ்ஸில் ஏறினேன்.

இண்டூர் தருமபுரிக்குப் போகிற வழி. நாய் ஜீப் போன திசையிலேயே போயிருக்கிறது. அத்தனை தூரத்தையும் ரோட்டோரமாகவே நடந்திருக்கிறது.

மண்டி வாசலில், அடுக்கிய சாக்குகளின் நிழலில் கிடந்தது. பக்கத்தில் ஒரு உடைந்த சட்டியில் தண்ணீர். கொஞ்சம் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மண்டிக்காரப் பாய்.

"இது ஒங்க நாயுங்களா?"

"எங்களுதுதாங்க பாய்."

"நான் தொடலைங்கம்மா. எங்களுக்கு அது ஆவாது. தண்ணி மட்டும் வெச்சேன். நேத்து ஒருத்தன் கல்ல எடுத்துக்கிட்டு வந்தான், வெறி நாயின்னு. அவனத் தொரத்திட்டு நாற்காலிய இங்கயே போட்டுக்கிட்டேன். யாவாரமெல்லாம் இங்கருந்துதான்."

நாயைக் கூப்பிட்டேன். அது என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பாதங்கள் நான்கும் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தன. விலாவில் ஒரு வீக்கம். கிட்டே போகாமல் தரையிலேயே உட்கார்ந்தேன். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள். ரொம்ப நேரம் கழித்து, வயிறு மண்ணில் உரசத் தவழ்ந்து வந்து, தலையை என் மடியில் வைத்தது.

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். பாய் தன் மாட்டு வண்டியை அன்றே புளி ஏற்றிவரப் பென்னாகரம் பக்கம் அனுப்பினார். காலிச் சாக்குகளின் மேல் நானும் நாயும். வழி முழுக்க அதன் உடம்பு துள்ளித் துள்ளி அடங்கியது.

அன்று சாயங்காலம் இவர் பாதங்களைக் கழுவி மருந்து போட்டார். நாய் அவர் கையைப் பார்த்து நடுங்கியது, ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை. எனக்குள் இரண்டு நாளாகச் சேர்ந்த கோபம் இருந்தது. கத்த முடியாது. நாய் நடுவில் படுத்திருந்தது. நான் ரகசியம் சொல்கிற குரலில் சண்டை போட்டேன்.

"எனக்குச் சொல்லாம எதுக்குக் குடுத்தீங்க?"

"தப்புதான்."

"வெலாவுல என்ன வீக்கம்?"

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். அவரும் மெல்லத்தான் பேசினார். அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

"விழுந்த பறவைய எடுத்தாரலைன்னு அவன் துப்பாக்கிக் கட்டையால ஒண்ணு வெச்சான். அப்பக்கூட அது ஓடல. எங்கிட்டதான் வந்துச்சு. காலு பக்கத்துல வந்து நின்னுச்சு. நான் அவனத் திட்டறேன்னு கத்துனேன் பாரு, அப்பத்தான் ஓடுச்சு. நிறுத்தறதுக்கு இன்னும் கத்துனேன். இன்னும் வேகமா ஓடுச்சு." பஞ்சை மறுபடி கையில் எடுத்தார். "அவன் அடிச்சதுக்கு ஓடல. எனக்குப் பயந்துதான் ஓடுச்சு."

நான் சொல்ல வைத்திருந்ததில் பாதி அங்கேயே நின்றுவிட்டது. மீதியை மட்டும் சொன்னேன். "நானும் ஆறு வருஷமாப் பயந்துதாங்க இருக்கேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மருந்துப் புட்டியை மூடி, எழுந்து போய்க் கை கழுவினார்.

ஒரே நாளில் மனுஷன் மாறிவிடவில்லை. ஆஸ்பத்திரியில் அதே குரல்தான். ஆனால் வீட்டுப் படலைத் திறக்கும்போது கொஞ்சம் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வருவார். சில நாள் மறந்துவிடும். சத்தம் எழும்பும், நாய் கட்டிலுக்கடியில் போகும், அவர் தானாகவே வெளியே போய்க் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவார். எங்களுக்குள் அதற்கப்புறமும் சண்டைகள் வந்தன. எல்லாம் மெல்லிய குரலில்தான். வாய் வலிக்காமல் சண்டை போடும்போது எதிராளி சொல்வது காதில் விழுகிறது. அது சில சமயம் இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாய் அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தது. பயம் ஒருநாளும் முழுசாகப் போகவில்லை. ஆடிப்பெருக்கு, தீபாவளி, கல்யாணக் கொட்டு, எது வந்தாலும் எங்களில் ஒருவர் அதனோடு அறைக்குள் இருக்க வேண்டும். காலை நடை மட்டும் ஒருநாள் தப்பியதில்லை. வயசான பிறகும் கிளம்பும். இருபது அடி ஓடி, இளைத்து நின்று, திரும்பிப் பார்க்கும். ஒரு மாசி மாதத்துக் காலையில் கிளம்பவில்லை. இவர் நாடி பார்த்தார், மூக்கைத் தொட்டார், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பத்து மணிக்குள் முடிந்துவிட்டது. கரட்டோரத்தில் அவர்தான் குழி வெட்டினார். நரி தோண்டாமல் இருக்க மேலே கல் அடுக்கினோம்.

என்னால் அந்த வீட்டில் உட்காரவே முடியவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு மாற்றலுக்கு எழுதிப் போட்டேன். பொம்மிடியில் கிடைத்தது. அவருக்கும் ஒரு வருஷத்தில் அங்கே கிடைத்தது. ஸ்டேஷன் பக்கம் வீடு, பள்ளிக்கூடம் அங்கிருந்து மூன்று மைல். நடந்து பார்த்தேன். நடை எனக்குப் போதவில்லை. வேகம் வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு வயசில் சைக்கிள் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ ஒரு லேடீஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

பள்ளிக்கூடத்து மைதானத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தார். "நேராப் பாரு, கீழ பாக்காத," என்றார். முதல் வாரத்தில் நான்கு தடவை விழுந்தேன். முழங்காலில் தோல் போயிற்று, புடவை கிழிந்தது. வெளியே நின்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாவது வாரத்தில் ஒரு சுற்று முழுக்கப் போனேன். அவர் கையை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. மைதானத்தின் கேட் திறந்திருந்தது. நிறுத்தத் தெரியாததாலோ, நிறுத்த மனமில்லாததாலோ, அப்படியே ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டேன்.