என் முறம் தொங்கும் ஆணி

கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு சுக்குக் குடோனில் புடைக்கும் வேலை எனக்கு. அங்கே ஒவ்வொருத்திக்கும் சுவரில் ஓர் ஆணி, அதில் அவளவள் சொந்த முறம். வேலையை விட்டுப் போகிறவள் முறத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவாள். எங்கள் ராஜினாமா அவ்வளவுதான்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வாயால் லீவு சொல்லிவிட்டுப் போனேன். உடம்பு தேறித் திரும்பினால், என் ஆணியில் வேறொருத்தியின் முறம். நான்தான் நின்றுவிட்டேனாம், என் வீட்டுக்காரரே வந்து முறத்தை எடுத்துப் போனாராம். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மனுஷன் பரணிலிருந்து முறத்தை இறக்கினார். விளிம்பு பிய்ந்து விரலைக் குத்துகிறது என்று நான் எப்போதோ புலம்பியிருந்தேன். அதை நினைவில் வைத்து, புதுப் பிரம்பு சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். பெயிண்ட் வேலை செய்கிறவருக்குக் குடோன் வழக்கம் எங்கே தெரியும்? ஒரு புடவை வாங்கித் தந்து அசத்தத் தெரியாத ஆள், அசத்துவதற்கு இதைத்தான் கண்டுபிடித்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டத் திட்ட அவர்மேல் பாசமும் பொங்கிக்கொண்டு வந்தது. என்ன செய்ய?

லேபர் ஆபீசில் மனு கொடுத்தோம். நானாக நின்றேனா, என்னை நிறுத்தினார்களா, அதுதான் கேள்வி என்றார் ஆபீசர். முதலாளி முறத்தைச் சொன்னார். என்னோடு புடைக்கும் பெண்களும் முறம் போனது நிஜம்தான் என்று தலைகுனிந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நடந்ததைத்தானே சொன்னார்கள். ஆனால் வேலை கைவிட்டுப் போய்விட்டது என்றே அழுதேன்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிற என் வீட்டுக்காரர், பையிலிருந்து முறத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நிக்கப் போறவளுக்கு யாரு சாரே முறம் கட்டிக் கொடுப்பா? வேலைக்குப் போறப்போ கை குத்தக் கூடாதுன்னு கட்டினது."

முதலாளி விளிம்பைத் தடவிப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து குடோனிலேயே கிடப்பவர். வேலைக்கென்று கட்டிய கட்டு அவர் விரலுக்குத் தெரியும்.

"திங்களாழ்ச்ச வரச் சொல்லு" என்றார்.

போனேன். என் ஆணியைக் காலி செய்து, புதியவளுக்குப் பக்கத்தில் வேறோர் ஆணி அடித்திருந்தார்கள்.

இப்போதும் விளிம்பு பிய்ந்தால் அவர்தான் கட்டித் தருகிறார். ஆனால் பிரம்போடு அவர் குடோனுக்கு வரவேண்டும். சாயா நேரத்தில், எல்லார் கண்முன்னும் உட்கார்ந்து கட்டுவார். முறத்தை வாசல் தாண்ட நான் விடுவதில்லை.